பத்திரிகையின் கதை – 17: போர்முனைக்கு வழி கேட்ட பெண்கள்

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில், யுத்தம் வருமா வராதா என்று ஐரோப்பா முழுவதும் கலங்கிக்கொண்டிருந்த வேளையில், போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள எல்லை மூடப்பட்டுவிட்டதென்றும் தூதரக வாகனங்களுக்கு மட்டுமே அதில் வழி உண்டென்றும் அறிந்த ஒரு பெண், காட்டோவிட்சே நகரத்துப் பிரிட்டிஷ் கான்சலிடம் அவருடைய மோட்டார் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, அதில் எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் சென்றார். அவர் பெயர் கிளேர் ஹாலிங்வொர்த், வயது 27, லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. போலந்தில் அப்போது கிடைக்காத சில்லறைச் சாமான்களை ஜெர்மன் கடைகளில் வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வந்த சாலையில், ஓரம் நெடுகச் சாக்குத் திரைகள் கட்டப்பட்டிருந்தன. காற்று அவற்றில் ஒன்றைத் தூக்கிவிட, அதற்குப் பின்னே பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாக நின்ற டாங்கிகளை அவர் கண்டார். மறுநாள் 29-ஆம் தேதி வெளிவந்த 'டெலிகிராப்', போலந்தின் எல்லையில் ஆயிரம் டாங்கிகள் குவிந்திருக்கின்றன என்று உலகுக்கு அறிவித்தது. செப்டம்பர் முதல் தேதி விடியற்காலையில் அந்த டாங்கிகள் புறப்பட்டபோது, வார்ஸாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை அவர் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொல்ல, மறுமுனையில் இருந்த அதிகாரி நம்பத் தயங்கினார். உடனே அவர் தொலைபேசிக் குழலைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து, யுத்தத்தின் ஓசையையே தூதரகத்தின் காதில் விழச் செய்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தின் முதற்செய்தி என்று இன்று போற்றப்படும் அந்தச் செய்தி, அன்று எழுதியவர் பெயரில்லாமலே பிரசுரமாயிற்று. 'நமது சொந்த நிருபரிடமிருந்து' என்று மட்டும் போடுவது அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளின் வழக்கம். ஆண்களுக்கும் அதுவே விதி. ஆகவே இதை ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட தனி அநீதி என்று சொல்வது சரித்திர நியாயம் ஆகாது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1943-இல், வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் திரிபோலி நகரம் பிரிட்டிஷ் படைகளின் கைக்கு வந்தபோது, தம் சேனையுடன் ஒரு பெண் நிருபர் இருப்பதை அறிந்த தளபதி மாண்ட்கோமரி, அவரைக் கெய்ரோவுக்குத் திரும்பிப் போகும்படி ஆணையிட்டாரே, அது பெண் என்ற ஒரே காரணத்துக்காக நேர்ந்தது. யுத்தத்தின் தொடக்கத்தைத் தம் கண்ணால் கண்டு சொன்னவர், பெண்களுக்குப் போர்முனையில் இடமில்லை என்ற காரணத்தால் அந்த யுத்தத்திலிருந்து விலக்கப்பட்டார். அவர் சோர்ந்துவிடவில்லை, அல்ஜியர்ஸுக்குப் போய் அமெரிக்கப் படையினரிடம் அங்கீகாரம் பெற்று வேலையைத் தொடர்ந்தார், 105 வயது வரை வாழ்ந்து 2017-இல் மறைந்தார். எனினும் அவருடைய தைரியத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் நம் தொடரின் நோக்கம் நிறைவேறாது. அந்த யுத்தத்தில் தைரியசாலிகளான பெண் நிருபர்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அவர்களுக்குக் கிட்டாதிருந்தது விதிகளின் துணை. எங்கே அதிகாரம் உடைய ஒருவர் பெண்களுக்குச் சாதகமாக ஒரு விதியை இயற்றினாரோ, அல்லது பாதகமான ஒரு விதியை நீக்கினாரோ, அங்கேதான் பெண்களின் நிலை ஓரடி முன்னேறியது. மற்ற இடங்களில் எல்லாம் தைரியம் அவர்களுக்கு ஓர் அரிய செய்தியையும், அதைத் தொடர்ந்து ஒரு தண்டனையையும் பெற்றுத் தந்தது.

அப்படிப்பட்ட விதிகளில் முதலாவது, யுத்தத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, போர்க்களத்துக்கு வெகு தூரத்தில், வாஷிங்டன் நகரத்து வெள்ளை மாளிகையின் ஓர் அறையில் பிறந்தது. 1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். 6-ஆம் தேதி அவருடைய மனைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் பத்திரிகை நிருபர்களைத் தம்மிடம் அழைத்துப் பேசினார். ஜனாதிபதியின் மனைவி நிருபர்களை முறையாகச் சந்திப்பது அதுவரை நடந்திராத காரியம். அதைவிடப் புதுமையானது அவர் விதித்த நிபந்தனை: அந்தச் சந்திப்புகளுக்குப் பெண் நிருபர்கள் மட்டுமே வரலாம். இந்த யோசனையை அவருக்குச் சொன்னவர் 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தி ஸ்தாபனத்தில் பணியாற்றிய லொரீனா ஹிக்காக் என்ற பெண் நிருபர். முதல் நாளன்று 35 பேர் வந்தார்கள். நாற்காலிகள் போதாமல் சிலர் தரையில் அமர்ந்தார்கள்.

அது பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஆண்களின் வேலையைப் பெண்கள் பறித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு எங்கும் எழுந்து, கணவனும் மனைவியும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தால் ஒருவரை நீக்கலாம் என்று 1932-இல் சட்டமே இயற்றப்பட்டிருந்தது. பத்திரிகாலயங்களிலும் ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் வெளியே போகிறவர் பெண்ணாகவே இருந்தார். இந்த நிலையில்தான் அம்மையாரின் நிபந்தனை வேலை செய்தது. ஜனாதிபதியின் மனைவி சொல்லும் செய்தி எந்தப் பத்திரிகைக்கும் தேவை. அதைப் பெற ஒரு பெண் நிருபரை அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பப் பெண் நிருபர் இல்லாவிட்டால் ஒருவரை நியமித்தே ஆகவேண்டும். பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று இருந்துவந்த 'யுனைடெட் பிரஸ்' ஸ்தாபனம், இதற்காகவே ரூபி பிளாக் என்பவரை நியமித்தது. நியூயார்க்கின் 'ஹெரால்ட் டிரிப்யூன்' பத்திரிகை சில நாள்களுக்கென்று அனுப்பிய எம்மா பக்பீ அம்மையார், மாதக்கணக்கில் வாஷிங்டனில் தங்கும்படி ஆயிற்று. மதுவிலக்குச் சட்டம் தளர்த்தப்பட்ட அந்த ஏப்ரல் மாதத்தில், வெள்ளை மாளிகையில் பீர் பரிமாறப்படுமா என்று ஆண் நிருபர்கள் ஜனாதிபதியைக் கேட்டபோது, அதை என் மனைவியிடம் கேளுங்கள் என்று அவர் சொல்லிவிட, நாடே எதிர்பார்த்திருந்த அந்த விடை பெண் நிருபர்களின் கைக்கே கிட்டியது.

ஆண்களை வெளியே நிறுத்துவது சமத்துவம் ஆகுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆயினும் ஜனாதிபதியின் சந்திப்பு, காங்கிரஸின் தாழ்வாரங்கள், தேசியப் பத்திரிகையாளர் சங்கத்தின் விருந்துக் கூடம் என்று செய்தி பிறக்கும் இடங்களில் எல்லாம் ஆண்களே நிறைந்திருக்க, ஒரே ஓர் அறையில் பெண்களை மட்டும் வைத்தது, சாய்ந்து கிடந்த தராசின் மேல்தட்டில் ஒரு சிறு படிக்கல்லை வைத்தது போன்றதே. அம்மையாரின் செய்கையில் நான் காணும் உண்மையான குறை வேறொன்று: அந்த அறைக்குள் கறுப்பினப் பெண் நிருபர்கள் அனுமதிக்கப்படவில்லை. நாளேடுகளுக்கு மட்டுமே இடம் என்று காரணம் கூறப்பட்டது. கறுப்பின மக்களின் பத்திரிகைகளோ பெரும்பாலும் வார ஏடுகள். விதி ஒருவருக்குக் கதவைத் திறக்கும்போதே மற்றொருவருக்குச் சாத்திவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி ஜனாதிபதி காலமான நாள் வரை ஏறக்குறைய 350 தடவை நடந்த அந்தச் சந்திப்புகளில் வளர்ந்த ஒரு தலைமுறைப் பெண்கள், யுத்தம் வந்தபோது தங்கள் தொழிலில் உறுதியாக நின்றிருந்தார்கள்.

விதிக்கும் நபருக்கும் உள்ள தொடர்பை விளக்க மற்றொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஜெனீவாவிலும் லண்டனிலும் இருந்து சர்வதேச அரசியலைக் கூர்ந்து எழுதிவந்த ஹெலன் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பெண், 1939-இல் 'சிகாகோ டெய்லி நியூஸ்' பத்திரிகையின் அயல்நாட்டு நிருபராக விரும்பினார். பத்திரிகையின் உரிமையாளர் பிராங்க் நாக்ஸ், பெண்களை எங்கள் நிருபர் குழுவில் வைத்துக்கொள்வதில்லை என்றார். நான் பெண்ணாகப் பிறந்ததை மாற்ற முடியாது, நீங்கள் உங்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளலாமே என்று கிர்க்பாட்ரிக் திருப்பிச் சொன்னார். நாக்ஸ் மாற்றிக்கொண்டார். கிர்க்பாட்ரிக் ஏற்ற முதல் வேலை, முடிதுறந்த வின்ட்ஸர் பிரபுவைப் பேட்டி காண்பது. பிரபு பேட்டி கொடுப்பதில்லை என்று சொல்லி, நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றாராம். அந்தத் தலைகீழ்ப் பேட்டியே பத்திரிகையில் வந்தது. அடுத்த ஆண்டில் லண்டன்மீது இரவுதோறும் குண்டு விழுந்தபோது, அந்நகரத்திலிருந்தே அவர் எழுதினார். 1944 ஆகஸ்டு 25-ஆம் தேதி பாரிஸ் விடுதலை பெற்றபோது பிரெஞ்சுப் படையோடு நகருக்குள் நுழைந்தார். மறுநாள் தளபதி டி கால் நன்றி வழிபாட்டுக்கு வந்த நோத்ர் தாம் தேவாலயத்தினுள் துப்பாக்கிகள் வெடித்தபோது, அங்கே நின்று பார்த்து எழுதியவர் அவர். நார்மண்டிப் படையெடுப்புச் செய்திகளை எவ்வாறு அனுப்புவது என்று திட்டமிட்ட குழுவில் பத்திரிகைகளின் பிரதிநிதியாக அவரையே சக நிருபர்கள் அனுப்பினார்கள் என்பதிலிருந்து, உடன் உழைத்த ஆண்கள் அவரிடம் வைத்திருந்த மதிப்பை அறியலாம்.

ஆனால் ஒரு நாக்ஸ் மனம் மாறியதால் ராணுவம் மாறிவிடவில்லை. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய பின், ராணுவத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த நிருபரும் போர்க்களத்தை நெருங்க முடியாது என்று ஆயிற்று. அங்கீகாரம் பெற்ற நிருபர் ராணுவ உடை அணிய வேண்டும். எதிரியின் கையில் சிக்கினால் அதிகாரிக்குரிய மரியாதை கிட்டும்பொருட்டு, அவருக்குக் காப்டன் பதவிக்கு நிகரான மதிப்பு உண்டு. அவர் எழுதுவதெல்லாம் தணிக்கைக்கு உட்பட்டது. அமெரிக்க ராணுவம் அவ்வாறு அங்கீகரித்த ஏறக்குறைய 1,600 பேரில் பெண்கள் 127 பேர். அவர்களுக்கென்று தனியாக விதிகள் விதிக்கப்பட்டன. ராணுவ நர்ஸுகள் எவ்வளவு தூரம் போகிறார்களோ, அதற்கு மேல் பெண் நிருபர் ஓரடியும் போகக்கூடாது. நிருபர்களின் முகாமில் அவர்களுக்கு இடமில்லை; அன்றாடப் போர் நிலவரத்தைத் தளபதிகள் விளக்கும் கூட்டத்துக்கும் அவர்கள் வரக்கூடாது. ஆண் நிருபரின் செய்தி முகாமிலேயே தணிக்கையாகி உடனுக்குடன் லண்டனுக்குப் பறக்க, பெண் நிருபரின் செய்தி கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்து, அங்கே தணிக்கைக்குக் காத்துக் கிடக்கும். செய்தி என்பது நேரத்தோடு பிறந்து நேரத்தோடு சாகும் பொருள் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் ஒரு நாள் இருந்தவரும் அறிவார். துப்பாக்கியின் முன் போகாதே என்ற விதியைக் காட்டிலும், உன் செய்தி தாமதித்தே போகும் என்ற விதிதான் பெண்களை அதிகமாக வருத்தியது.

இவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணமோ, பெரும்பாலும் கழிப்பிட வசதி. கப்பலில் பெண்களுக்கு வசதி இல்லை, விமானத்தில் வசதி இல்லை, முகாமில் வசதி இல்லை. மெய்ன் மாகாணத்துப் பத்திரிகைகளின் நிருபரான மே கிரெய்க் அம்மையார், இந்த ஒரே காரணத்தைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்து, தாம் இறந்தபின் 'வசதி' என்ற சொல்லே தம் நெஞ்சில் எழுதப்பட்டிருக்கக் காண்பார்கள் என்று கூறியிருக்கிறார். கண்டங்களைக் கடந்து பத்து லட்சக்கணக்கான படைவீரர்களைக் கொண்டுபோய் இறக்கத் தெரிந்த ஒரு சர்க்காருக்கு, நான்கு கம்பும் ஒரு படுதாவும் கொண்டு மறைவிடம் அமைக்கத் தெரியாமல் போயிற்று என்பதை நான் நம்பவில்லை. அமைக்க மனம் வரவில்லை என்பதே உண்மை.

பெண்ணைப் பாதுகாப்பதாகச் சொல்லும் விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 'லைப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் மார்கரெட் போர்க்-ஒயிட்டின் அனுபவம் சாட்சி. இவரை நம் நாட்டார் அறிவர். 1946-இல் ராட்டையின் அருகே அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் காந்தியடிகளின் படத்தை எடுத்தவரும், 1948 ஜனவரி 30-ஆம் தேதி அடிகள் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னர் அவரைப் பேட்டி கண்டவரும் இவரே. 1942-இன் இறுதியில் வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குப் போக அவர் விரும்பியபோது, விமானப் பயணம் பெண்ணுக்கு ஆபத்து, கப்பலில் போவதே பத்திரம் என்று அதிகாரிகள் அவரைக் கப்பலேற்றினார்கள். அந்த 'ஸ்ட்ராத்தாலன்' கப்பலை டிசம்பர் மாதத்தில் மத்தியதரைக் கடலில் எதிரியின் நீர்மூழ்கி தாக்கிற்று. நள்ளிரவில் நீர் புகுந்த உயிர்காப்புப் படகில், நர்ஸுகளோடும் வீரர்களோடும் அமர்ந்து அவர் பொழுது விடியும்வரை மிதந்தார். கையில் ஒரே ஒரு காமிராவைக் காப்பாற்றிக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் அதைக் கொண்டு படமெடுத்தார். இதற்குப் பின்பு தளபதி டூலிட்டில், குண்டுவீச்சு விமானத்தில் போக அவருக்கு அனுமதி கொடுத்தார். 1943 ஜனவரி 22-ஆம் தேதி டூனிஸ் நகரத்து விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற விமானத்தில் அவர் பறந்தார். அமெரிக்கப் போர் விமானத்தில் குண்டுவீச்சுக்குச் சென்ற முதற்பெண் என்ற பெயர் அவருக்கு வந்தது. பாதுகாப்புக்கென்று சொன்ன விதி அவரைக் கடலடிக்கே அனுப்பப் பார்த்தது. அதை ஒரு தளபதி ஒதுக்கி வைத்த பிறகே அவர் தம் வேலையைச் செய்தார்.

இனி நார்மண்டிக்கு வருவோம். 1944 ஜூன் 6-ஆம் தேதி நேசநாட்டுப் படைகள் பிரான்சின் கடற்கரையில் இறங்கியபோது, அவற்றுடன் இறங்க எந்தப் பெண் நிருபருக்கும் அனுமதி இல்லை. 'காலியர்ஸ்' பத்திரிகைக்கு 1937 முதல் ஸ்பெயின் யுத்தத்திலிருந்து எழுதிவந்தவர் மார்த்தா கெல்ஹார்ன். அவருடைய கணவர், புகழ்பெற்ற நாவலாசிரியர் எர்னெஸ்ட் ஹெமிங்வே, எந்தப் பத்திரிகைக்கும் எழுதலாமாயிருந்தும் மனைவியின் பத்திரிகையான 'காலியர்ஸுக்கே' எழுத முன்வந்தார். ஒரு பத்திரிகைக்கு ஒரு போர்முனை நிருபர் என்பது கணக்கு. அந்த இடம் கணவருக்குப் போயிற்று. கெல்ஹார்ன் வெடிமருந்து ஏற்றிய ஒரு கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்து இங்கிலாந்து வந்து சேர்ந்தார். படையெடுப்புத் தொடங்கிய செய்தி அறிந்ததும் துறைமுகத்துக்குச் சென்றார். அங்கே வெள்ளை வர்ணம் பூசிய ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல் நின்றது. காவலனிடம், நர்ஸுகளைப் பேட்டி காண வந்தேன் என்றார். பெண்கள் பத்திரிகைக்கு உரிய விஷயம்தானே என்று அவன் வழி விட்டான். உள்ளே போனவர் கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். கப்பல் புறப்படும்வரை வெளியே வரவில்லை. பெண்களுக்குக் கழிப்பிட வசதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த யுத்தத்தில், ஒரு கழிப்பறையே அவரை நார்மண்டிக்குக் கொண்டு சேர்த்தது.

கடற்கரையை அடைந்தபின், காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் ஆட்களோடு அவரும் இரவில் தண்ணீரில் இறங்கி நடந்து கரை ஏறினார். கண்ணிவெடிகள் அகற்றப்பட்ட இடத்தை வெள்ளை நாடாக்கள் காட்டின. அவற்றுக்கு நடுவே மட்டுமே கால் வைக்கலாம். கப்பலில் அவர் தண்ணீரும் காப்பியும் கொண்டுபோய்க் கொடுத்தார். காயம்பட்ட ஜெர்மானியக் கைதிகளின் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னார். சப்பாத்தைக் கழற்ற முடியாதவர்களுக்குக் கத்தரித்து எடுக்க உதவினார். ஹெமிங்வேயோ அன்று கரைக்கு அருகே போன படகில் இருந்து பார்த்துவிட்டு, இறங்க அனுமதியின்றித் தாய்க்கப்பலுக்குத் திரும்பினார். ஆனால் படையெடுப்பைப் பற்றிய முக்கியக் கட்டுரையாக 'காலியர்ஸ்' முதலில் வெளியிட்டது அவர் எழுதியதையே. கரையில் கால் பதித்தவர் எழுதியது ஆகஸ்டு மாத இதழில் வந்தது. இங்கிலாந்து திரும்பிய கெல்ஹார்ன் பிடிபட்டார். அவருடைய அங்கீகாரம் பறிக்கப்பட்டு, நர்ஸுகளின் பயிற்சி முகாமில் தங்கும்படி அனுப்பப்பட்டார். அங்கே அவர் இருக்கவில்லை. வேலியைத் தாண்டி, ஒரு விமானியிடம் கெஞ்சி இத்தாலிக்குப் பறந்து, எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் ஒரு படையிலிருந்து மற்றொரு படைக்கென்று அலைந்து, யுத்தம் முடியும்வரை எழுதினார். அமெரிக்க மக்களுக்கு யுத்தத்தை எடுத்துச் சொல்லும் கடமை தமக்கு உண்டென்றும், அதைச் செய்யவிடாமல் தடுப்பதற்கு நியாயமில்லையென்றும் அவர் ராணுவ அதிகாரிக்கு அந்த ஜூன் மாதத்திலேயே எழுதிய கடிதத்தை, பத்திரிகைத் தொழிலின் உரிமைப் பத்திரங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். அதில் அவர் சலுகை ஒன்றும் கோரவில்லை. வாசகனுக்குச் சேரவேண்டியதைக் கோரினார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்காலத்துப் பெண் நிருபர்கள் ஆஸ்பத்திரிகளையும் அகதிகளையும் அநாதைக் குழந்தைகளையும் பற்றி மிகுதியாக எழுதியதைக் கண்டு, பெண்களுக்கு இயல்பாகவே கருணை அதிகம், ஆகையால் அவர்கள் யுத்தத்தின் துயரத்தை எழுதினார்கள் என்று சிலர் சிலாகிப்பதுண்டு. புகழ்ச்சியாகத் தோன்றினாலும் இது அவர்களைப் பழைய அறைக்குள்ளேயே மறுபடி வைத்துப் பூட்டுகிறது. அவர்கள் ஆஸ்பத்திரியை எழுதியதற்கு முதற்காரணம், ஆஸ்பத்திரிக்கு மட்டுமே அவர்களுக்கு அனுமதி இருந்தது. அனுமதிக்கப்பட்ட அந்த ஓரிடத்தில் நின்றுகொண்டு, வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் தளபதிகளின் கூட்டத்தில் தெரியாத உண்மையை அவர்கள் கண்டு சொன்னார்கள். அது அவர்களுடைய திறமைக்குப் பெருமையே ஒழிய, தடைக்குப் பெருமை ஆகாது. தடையில்லாத இடத்தில் அவர்கள் மற்றவற்றையும் அதே திறமையோடு எழுதினார்கள். 'வோக்' என்ற நாகரிக உடைப் பத்திரிகையின் புகைப்படக்காரர் லீ மில்லர், 1944 ஆகஸ்டில் சேன் மாலோ துறைமுகம் பிடிபட்டுவிட்டது என்ற தவறான தகவலின்பேரில் அங்கே அனுப்பப்பட்டு, போய்ப் பார்த்தபோது கோட்டையில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருக்க, அங்கிருந்த ஒரே நிருபராக அந்த முற்றுகையைப் படத்திலும் எழுத்திலும் பதிவு செய்தார். பெண் நிருபருக்குரிய எல்லையை மீறிய குற்றத்துக்காக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவரை அங்கே தவறாக அனுப்பியது ராணுவம், தண்டனை அவருக்கு. லண்டனில் 'வோக்' ஆசிரியராக இருந்த ஆட்ரி விதர்ஸ் அம்மையார் அவருடைய போர்முனைக் கட்டுரைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். உடையலங்காரத்துக்கு நடுவே எரிந்துபோன ஊர்களையும், பின்னர் நாஜி வதைமுகாம்களின் பிணக்குவியல்களையும் வெளியிட ஒரு பத்திரிகாசிரியருக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! நிருபரின் புகழில் பாதி அத்தகைய ஆசிரியருக்குச் சேர வேண்டியது.

1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விதி சற்றே தளர்ந்தது. ஐரிஸ் கார்பென்டரும் லீ கார்சனும் அமெரிக்க முதலாம் சேனையின் நிருபர் முகாமில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். 'யுனைடெட் பிரஸ்' நிருபரான ஆன் ஸ்ட்ரிங்கர், தம்மைப் போலவே நிருபராயிருந்த கணவரை 1944 ஆகஸ்டில் பிரான்சின் போர்க்களத்திலே பறிகொடுத்தவர், பாரிஸுக்குத் திரும்பிவிடும்படி ராணுவம் இட்ட கட்டளையை மதியாமல் முன்னேறிக்கொண்டே போனார். ஏப்ரல் இறுதியில் எல்பா நதிக்கரையில் டோர்காவ் என்ற ஊரில் அமெரிக்கப் படையும் ரஷ்யப் படையும் கைகுலுக்கியபோது, சிறு விமானம் ஒன்றில் அங்கே போய் இறங்கி, ரஷ்ய வீரர்களைக் கண்டு பேசி, வயல்வெளியில் நின்ற ஒரு போக்குவரத்து விமானத்தைப் பிடித்துப் பாரிஸுக்கு விரைந்து, எல்லோருக்கும் முன்னதாகச் செய்தியைக் கொடுத்தார். ஒரு காலத்தில் பெண்களையே நியமிக்காதிருந்த, எலினோர் அம்மையாரின் விதிக்காக ரூபி பிளாக்கைச் சேர்த்துக்கொண்ட அதே ஸ்தாபனத்துக்கு, யுத்தத்தின் பெருஞ்செய்திகளில் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு பெண்.

யுத்தம் முடிந்தது, ஆண்கள் திரும்பி வந்தார்கள். பத்திரிகாலயங்களில் அவர்களுடைய நாற்காலிகளில் அதுவரை அமர்ந்து வேலை பார்த்த பெண்கள் எழுந்து இடம் விட வேண்டியதாயிற்று. 1943-இல் வாரம் 24 டாலர் சம்பளத்துக்கு 'யுனைடெட் பிரஸின்' வாஷிங்டன் அலுவலகத்தில் சேர்ந்த ஹெலன் தாமஸ், உடன் வேலை பார்த்த பெண்கள் பலர் அனுப்பப்பட்டபோதும் தப்பினார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேலைக்கு வரவேண்டிய அவருடைய முறையை எடுத்துக்கொள்ள எந்த ஆணும் முன்வரவில்லை என்பதே காரணம். பின்னாளில் ஜனாதிபதிகளைக் கேள்வி கேட்கும் நிருபர்களில் முதல்வராக அரை நூற்றாண்டு காலம் விளங்கிய ஒருவரின் தொழில், இத்தனை மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் ஆண்களின் தேசியப் பத்திரிகையாளர் சங்கமோ 1971 வரை பெண்களை அங்கத்தினராக ஏற்கவில்லை. 1955 முதல் விருந்துக்கூடத்தின் மாடத்தில் நின்று, கீழே உணவருந்தும் ஆண் நிருபர்களின் முன் தலைவர்கள் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்கப் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. உட்கார நாற்காலியும் கிடையாது, கேள்வி கேட்க உரிமையும் கிடையாது.

ஆகவே 1950 ஜூன் மாதத்தில் கொரியாவில் யுத்தம் மூண்டபோது பெண்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 'ஹெரால்ட் டிரிப்யூனின்' டோக்கியோ அலுவலகத் தலைவராயிருந்த மார்கெரீட் ஹிக்கின்ஸ், இருபத்து நான்கு வயதிலேயே டாக்காவ் வதைமுகாம் விடுதலை பெற்றதை நேரில் கண்டு எழுதியவர். யுத்தம் தொடங்கி இரண்டே நாளில் அவர் சியோல் போய்ச் சேர்ந்தார்; அன்றிரவே ஹான் நதிப் பாலம் தகர்க்கப்பட, மறுநாள் படகில் நதியைக் கடந்து, தெற்கே பின்வாங்கும் மக்களோடு நடந்தார். அவருடைய பத்திரிகையே அனுப்பிய மற்றொரு நிருபர் ஹோமர் பிகார்ட், டோக்கியோவுக்குத் திரும்பிவிடும்படி அவரை வற்புறுத்தினார், அவர் இணங்கவில்லை. ஜூலையில் தளபதி வாக்கர், போர்முனையில் பெண்களுக்கு வசதி இல்லை என்ற அதே பழைய காரணத்தைச் சொல்லி, அவரைக் கொரியாவை விட்டே வெளியேற்றினார். ஹிக்கின்ஸ் டோக்கியோவில் இருந்த தலைமைத் தளபதி மக்ஆர்தரிடம் முறையிட்டார். 'ஹெரால்ட் டிரிப்யூன்' பத்திரிகையின் தலைவராயிருந்த ஹெலன் ராஜர்ஸ் ரீட் அம்மையாருக்கு மக்ஆர்தர் தந்தி அனுப்பினார்: கொரியாவில் பெண் நிருபர்களுக்கு இருந்த தடை நீக்கப்பட்டது, ஹிக்கின்ஸைத் தொழில்துறையில் எல்லோரும் பெரிதும் மதிக்கிறார்கள். அந்தத் தந்தியில் ஹிக்கின்ஸ் ஒருவருக்கு விதிவிலக்கு என்று இல்லை. பெண்களுக்கான தடையே நீங்கியது என்று இருந்தது. செப்டம்பர் 15-ஆம் தேதி இஞ்சோனில் படைகள் கரையிறங்கியபோது ஹிக்கின்ஸ் அவற்றோடு இறங்கினார். ஆறு ஆண்டுகள் முன்பு கெல்ஹார்ன் கழிப்பறையில் ஒளிந்து செய்ததை, இவர் அங்கீகாரத்தோடு செய்தார். 1951-இல் அயல்நாட்டுச் செய்திக்கான புலிட்சர் பரிசு அவருக்கும், பிகார்ட் உள்ளிட்ட வேறு சிலருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அந்தப் பிரிவில் அதைப் பெற்ற முதற்பெண் அவர்.

எனினும் ஒரு தளபதி நீக்கிய தடையை மற்றொரு தளபதி திரும்பக் கொண்டுவர முடியும். 1967-இல் வியட்நாமில், தம் ஹவாய் வாசத்தில் அறிமுகமான குடும்பத்துப் பெண் ஒருவரை நிருபராகப் போர்முனை முகாமில் கண்டு திடுக்கிட்ட தளபதி வெஸ்ட்மோர்லண்ட், பெண் நிருபர்கள் இரவில் போர்முனையில் தங்கக்கூடாது என்று உத்தரவிட்டார். ஹெலிகாப்டரில் எங்கே போனாலும் மாலைக்குள் திரும்ப வேண்டுமென்றால், சண்டை நடக்கும் இடத்துக்கே போக முடியாது என்று பொருள். இம்முறை சைகோனில் இருந்த பெண் நிருபர்கள் தனித்தனியே கெஞ்சவில்லை, ஒளிந்து போகவும் இல்லை. நாளேட்டுக்காரர், தொலைக்காட்சிக்காரர், செய்தி ஸ்தாபனத்தார் என்ற பேதமின்றி ஒன்றுகூடி, பாதுகாப்பு இலாகாவுக்கு நேரே முறையீடு செய்தார்கள், உத்தரவு கைவிடப்பட்டது. அவர்கள் ஒன்றுகூடிய விதத்தையும், கம்போடியக் காட்டில் சிறைப்பட்டு மீண்ட கேட் வெப் முதலிய சிலருடைய வரலாற்றையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.